சுவரில் தெரிந்த திரை

மதியம் இரண்டு மணி வெயிலில் அந்தப் பழைய மாடி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மெக்கானிக்குக்குக் கம்ப்யூட்டரைவிடப் பசிதான் பெரிய கவலையாக இருந்தது. "சாதா வீடியோ டிரைவர் கோளாறுடா, அரை மணி நேர வேலை. எனக்கு முட்டி வலி, படி ஏற முடியல, நீ போ" என்று கூட்டாளிதான் அனுப்பியிருந்தான். பன்னிரண்டு வருஷமாக ஒரே கடை, ஒரே டிபன் பாக்ஸ். அவன் சொன்னால் கிணற்றிலும் குதிக்கிற அப்பாவி இவன். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டால் இன்றைய பொழுது முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தான்.

கதவைத் திறந்த அந்த வீட்டு அம்மா மாடிப்படியோடு நின்றுகொண்டார். "எங்க வீட்டுக்காரர் வீடியோ எடிட் பண்ற ரூம் தம்பி. போன மாசம் அந்த நாற்காலியிலேயே போயிட்டார். நான் மேல வரல, நீங்க பாருங்க."

அறை ஜன்னல்களில் கறுப்புத் துணி. ஈரத் துணியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை. மேசையில் ஒரே ஒரு திரை, அதற்கு இடப்பக்கம் வெறும் சுவர்.

கம்ப்யூட்டர் ஐந்து நிமிடம் ஓடியது. திரை நீலமாகி, இருண்டு, தானாக மறுபடி எழுந்தது. திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருள், அந்த டிரைவரேதான். சேஃப் மோடில் நுழைந்து பழைய டிரைவரை வேரோடு பிடுங்கிவிட்டு, கையோடு கொண்டுவந்த சரியானதைப் போட்டான். படம் பளிச்சென்று வந்தது. இதற்கா ஒரு ஆள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் என்று சிரிப்பு வந்தது.

அப்போது மவுஸ் அம்பு இடது ஓரத்தைத் தாண்டிப் போய் மறைந்தது.

பக்கத்தில் இன்னொரு திரை மாட்டியிருந்தால்தான் அப்படிப் போகும். செட்டிங்ஸைத் திறந்தான். 1, 2 என்று இரண்டு பெட்டிகள். எது எந்தத் திரை என்று காட்டும் பட்டனை அழுத்தினான்.

திரையில் பெரிதாக 1 வந்தது.

வெறும் சுவரில் 2 வந்தது.

ஆடிப்போனான். ஆனாலும் கை பழக்கத்தை விடவில்லை. புரியாத கோளாறு என்றால் திரையைப் படம் பிடித்து வைப்பது அவர்கள் கடை வழக்கம். இரண்டு திரை இருந்தால் இரண்டும் ஒரே படத்தில் விழும். விசையைத் தட்டினான். வலப்பாதியில் அவன் பார்த்துக்கொண்டிருந்த திரை. இடப்பாதியில் இதே அறை, பின்னாலிருந்து எடுத்தது போல. நாற்காலியில் அவனுடைய முதுகு. அதற்குப் பின்னால் யாரோ குனிந்து நின்றிருந்தார்.

திரும்பினான்.

யாருமில்லை.

அந்தப் படம் போய்ச் சேர்ந்த ஃபோல்டரில் இன்னும் ஆறு படங்கள் இருந்தன, எல்லாம் போன வாரத்தவை. நாற்காலியில் கட்டம் போட்ட சட்டை. கூட்டாளியின் பிறந்தநாளுக்கு இவனே வாங்கிக் கொடுத்த சட்டை. படத்துக்குப் படம் அந்த உருவம் நெருங்கி வந்து, ஆறாவதில் அவன் தோளில் ஏறியிருந்தது. வலப்பாதியில் கூட்டாளி தட்டியிருந்த வரிகள்: 'என்னை விட்டுடு. எனக்குப் பதிலா ஒருத்தனை அனுப்புறேன். நான் கூப்பிட்டா கேள்வி கேக்காம வருவான்.'

உடனே கூட்டாளிக்குப் போன் போட்டான்.

"பாத்துட்டியா?" கூட்டாளி கிசுகிசுத்தான்.

"முட்டி வலியாடா உனக்கு? கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடா, பாவி!"

"எட்டு நாளா எறங்கலடா. என் பசங்க என் பக்கத்துலயே வரல. இப்பதான், ஒரு நிமிஷம் முன்னாடிதான் எறங்குச்சு." விசும்பினான். "நீயும் ஒரு பேரை அடிச்சிடு. நீ கூப்பிட்டா கேள்வி கேக்காம வர்ற ஆளா பாத்து அடி. போயிடும்."

திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்று தானாகத் திறந்து காத்திருந்தது.

அப்படி யார் வருவார்? நேற்றுக் கேட்டிருந்தால் கூட்டாளி என்றிருப்பான். இனி அப்பா கூப்பிட்டார் என்று ஓடி வர உலகத்தில் ஒரே ஒருத்திதான் மிச்சம். ஒன்பது வயசு.

கீபோர்டை எடுத்து அதன் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். பிளக்கையும் பிடுங்கினான். படிகளில் இறங்கும்போது தனக்குப் பின்னால் ஒரு படி தாமதமாக இன்னொரு ஜோடிக் கால்கள் இறங்குவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியில் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டான்.

"பாப்பாவை நீயே போய்க் கூட்டிட்டு வந்துடு."

"ஏன், வண்டிக்கு என்ன ஆச்சு?"

பின்சீட் ஒரு ஆள் எடைக்கு மெல்லத் தாழ்ந்தது.

"பின்னாடி இடமில்ல" என்றான்.