அறுபது பெட்டிகள்

டைட்டன் குடியிருப்பில் ஒருவரை உறைதுயிலில் வைத்தால் நாற்பது நாள் பார்ப்பார்கள். நாற்பதாம் நாள் நண்பகலில் மருத்துவ இயந்திரம் அவருடைய மூளையின் குரலை ஒருமுறை அளக்கும். குரல் இல்லையென்றால் உயிரைக் காக்கும் வெப்பம் தானாக நின்றுவிடும். பிறகு எல்லோரும் சாப்பிடப் போவார்கள்.

விபத்தில் சிக்கிய சிற்றரசு உறைதுயிலுக்குப் போய் முப்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அங்கே எல்லோர் தலையிலும் இருப்பதுபோல் அவன் தலைக்குள்ளும் ஓர் அகக்குரல் ஊசி இருந்தது; நினைப்பதைப் பேச்சாக வெளியே அனுப்பும். ஆனால் அதைக் கேட்கும் கருவியில் இரைச்சல் மட்டுமே கேட்டது. ஒலிப் பெருக்கத்தை நூறிலிருந்து லட்சம் வரை ஏற்றினார்கள். இரைச்சல் பெரிதானது.

அவன் மனைவி பொற்கொடி கருவிப் பட்டறைக்காரி. அன்று காலை அந்தக் கருவியிலிருந்த பெருக்கியின் மூடியைக் கழற்றி, யாரும் போட்டுப் பார்க்காத ஒரு கணக்கைப் போட்டாள். டிரான்சிஸ்டரின் பெருக்க எண் நூறு. அதன் ஒரு முனையான உமிழ்ப்பானின் உள்தடை இருபத்தைந்து ஓம். இரண்டையும் பெருக்கினால் இரண்டாயிரத்து ஐந்நூறு. பக்கத்துத் தடைகளை இணையாகச் சேர்த்தால் இரண்டாயிரம். அதுதான் உள்ளீட்டு மின்மறுப்பு; அது குறையக் குறையக் கருவி ஊசியின் குரலை இழுத்து வீணாக்கும். உறைந்த ஊசியின் தடையோ இருபது லட்சம். சிற்றரசு ஆயிரம் பங்கு பேசினால் ஒரு பங்குதான் உள்ளே வரும்.

"அவர் பேசிட்டுத்தான் இருக்காரு. நமக்குக் கேக்கத் தெரியல," என்றாள்.

"நாளை நண்பகல் வரை நேரமிருக்கிறது, அம்மா," என்றது மருத்துவ இயந்திரம்.

இரண்டு டிரான்சிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, உமிழ்ப்பானிலிருந்து ஒலியை எடுத்தாள். பெருக்கம் வெறும் ஒன்று. மின்மறுப்பு இரண்டு கோடி. ஊசியிடமிருந்து அநேகமாக எதையும் வாங்காமல் கேட்கும் கருவி அது. காதில் வைத்தாள்.

"இன்னிக்கும் பாசிக் கஞ்சிதானா, பொன்னி? உப்பாவது போட்டியா?"

தினமும் அவனருகில் உட்கார்ந்து சமைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தனையும் அவனுக்குக் கேட்டிருக்கிறது. வெளியே மீத்தேன் மழை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பனிக்கட்டி உடம்புக்குள்ளிருந்து, தூசி விழும் ஓசையைவிட மெல்லியதாக, ஒரு மனிதன் கேலி பேசினான். அவள் மூச்சுவிடவும் பயந்தாள். நான்கு நிமிடம் பேசினான். பதிவு செய்ய அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அளவைக்காக அந்தக் கருவியை மருத்துவ இயந்திரத்தோடு இணைத்து வைத்தாள். செய்தி பரவியது. மறுநாள் நண்பகலுக்கு முன் அறுபது பேர் கூடத்தில் நின்றார்கள். அங்கே ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பதிவுப்பெட்டி உண்டு. பதியாததைப் பார்த்ததாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை. சிற்றரசுவின் நண்பன் எபனேசர் முதலில் தன் பெட்டியின் கவ்வியை ஊசிக்கம்பியில் மாட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. அடுத்தடுத்துக் கவ்விகள் ஏறின.

அளவுமானியின் முள் இறங்குவதைப் பொற்கொடி பார்த்தாள். ஒரு பெட்டிக்குப் பத்து லட்சம் ஓம். அறுபதும் இணையாகச் சேர்ந்தால் பதினேழாயிரம்கூட இல்லை.

"எல்லாரும் கழட்டுங்க. அவர் குரலைக் குடிக்கிறீங்க."

"என்னோடது ஒண்ணுதானே அக்கா," என்றான் எபனேசர். "இது எவ்வளவு எடுத்துடப் போவுது?"

"ஆமா, முதல்ல அவங்க கழட்டட்டும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பொற்கொடி தானே பிடுங்கினாள். பதினொன்றைப் பிடுங்கியபோது நண்பகல் ஆயிற்று. மருத்துவ இயந்திரம் அளந்தது. வெப்பம் நின்றது.

அறுபது பேரிடமும் அந்த நண்பகலின் துல்லியமான இரைச்சல் இருக்கிறது. நினைவு நாளில் சேர்ந்து உட்கார்ந்து போட்டுக் கேட்கிறார்கள். அவன் பேசிய அன்று கஞ்சியில் உப்புப் போட மறந்திருந்ததையும், அவள் அதைச் சொன்னதும் அவன் சிரித்ததையும் பொற்கொடி சொல்வாள்.

"பதிவு இருக்கா அக்கா?" என்று கேட்பார்கள்.

இல்லை என்பாள். பாவம் என்பதுபோல் அவளைப் பார்ப்பார்கள்.