பார்த்துவிட்டோம், காத்திரு

விமானம் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

உதயாவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. சின்ன விமானம் என்றால் அவனுக்குக் காதுதான் முதலில் சொல்லும், கண் அப்புறம் தேடும். காலை ஷிப்டில் துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு, தோள் எரிய, நெட்டுக்குப்பத்து வீட்டு மொட்டைமாடியில் சாய்ந்து உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது ஒன்றுதான் அவனுக்கு உடம்பு நோகாத சுகம். லீவு நாளென்றால் ராயபுரத்து தோஸ்து ஃபர்ஹானின் பைக்கில் மீனம்பாக்கம் வரை போய், வேலியோரம் நின்று, பயிற்சி விமானங்கள் தத்தித் தத்தி இறங்குவதைப் பார்ப்பார்கள். பெரிய விமானம் அவர்களுக்கு பஸ் மாதிரி. சின்னதுக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை உண்டு.

இது கழிமுகத்துக்கு மேலே, தாழ்வாக, இரண்டு விசிறியும் வெயிலில் வட்டமாக மின்ன வந்துகொண்டிருந்தது. கருவாட்டு வாடையையும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் நெடியையும் மாடிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த கடல்காற்று சட்டென்று நின்று, கொடியில் காய்ந்த துணியெல்லாம் தொய்ந்து தொங்கியது. இறக்கையில் எழுத்தில்லை. விமானம் காட்டும் போன் ஆப்பில் அந்த இடம் வெறும் கடலாக இருந்தது.

துணி எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ராமசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். கையிலிருந்த அவனுடைய சிவப்பு லுங்கியைத் தலைக்கு மேலே சுழற்றினாள்.

"யோவ் ப்ளேனு, எங்களயும் ஏத்திக்கினு போயேன். இந்தச் சாம்பல துன்னு மாளல."

உதயா பாய்ந்து லுங்கியைப் பிடுங்கினான்.

அவள் கொடுங்கையூர்ப் பெண். கடல்காரர் வழக்கம் அவளுக்குத் தெரியாது. நடுக்கடலில் இன்ஜின் செத்துப்போனால் கழியில் துணியைக் கட்டி ஆட்டுவார்கள். ரோந்து விமானம் ஒரு பக்க இறக்கையைச் சாய்த்துக் காட்டும். பார்த்துவிட்டோம், காத்திரு என்று அர்த்தம். வெறுங்கையை ஆட்டினால், நல்லா இருக்கிறோம், நீ போ என்று அர்த்தம். கரையில் நிற்கிறவர்கள் விமானத்தைப் பார்த்துத் துணி ஆட்ட மாட்டார்கள். வேண்டாத உதவியைக் கூப்பிடக்கூடாது. இதையெல்லாம் அவன் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் அவர்களைத் தாண்டியது.

இடது இறக்கை சாய்ந்தது.

"சாச்சா சாச்சிட்டுப் போவுது. அதுக்கு ஏன் மூஞ்சி இப்டி வெளுத்துப் பூட்ச்சி?" என்றாள் ராமசெல்வி.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். அவன் மட்டும் மாடியில் இருந்தால் வானம் காலியாகவே இருக்கும். அவள் ஏறி வந்தால், வாளியைக் கீழே வைப்பதற்குள் காற்று நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் இன்னும் தாழ்வாக, வீட்டை நடுவில் வைத்து வட்டமடித்தது. உதயா வெறுங்கையைத் தூக்கி ஆட்டினான். இரண்டு கையையும் ஆட்டினான். நல்லா இருக்கிறோம், போ. அந்த இறக்கை அவனுக்குச் சாயவேயில்லை.

பைனாகுலரை எடுத்துப் பார்த்த அன்றுதான் ஜன்னல்கள் தெரிந்தன. உள்ளே வரிசையாக ஆட்கள். முதலில் கண்ணாடி அழுக்கு என்றுதான் நினைத்தான். அழுக்கில்லை. தண்ணீர். விமானத்துக்குள் கூரைவரை பச்சைத் தண்ணீர் நின்றது. உட்கார்ந்திருந்தவர்களின் தலைமுடி மேல்நோக்கி மிதந்து அலைந்தது. மூன்றாவது ஜன்னலில் ராசையா. துறைமுக வேலைக்கு வருமுன் உதயா கடலுக்குப் போன காலத்தில் ஒரே படகில் அவனோடு வலை இழுத்தவன், புயலில் போனவன். உடம்பு கிடைக்காததால் பெண்டாட்டி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். ராசையா இவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளைக் கீழே இழுத்து வந்து கதவைச் சாத்தினான். அந்தச் சத்தமில்லாத சனியனை இனிமேல் நிமிர்ந்துகூடப் பார்க்காதே என்றான்.

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"சத்தம் இல்லியா? இன்னாயா சொல்ற? லுங்கி ஆட்னதுலேர்ந்து காதுக்குள்ள டர்ருனு ஓடிக்கினே கீது. தூங்கவே வுட மாட்டேங்குது."

ஃபர்ஹானுக்கு போன் போட்டுச் சொன்னான். அவன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான். "கடலாண்ட இருந்தாத்தான் மாமு அதுக்கு வேலை. அண்ணிய அவங்கம்மா வூட்டுக்கு இட்டுக்கினு போ."

அன்றே கிளம்பினார்கள். கொடுங்கையூரில் மூன்றாவது மாடி. மாமியார் குப்பை வண்டி வேலைக்குப் போயிருந்தாள். பட்டப்பகலிலும் குப்பைக் கிடங்குப் புகை கட்டடத்தைச் சுற்றி மங்கலாக நின்றது. எரிந்த பிளாஸ்டிக், அழுகல், ரப்பர் நாற்றம். அந்த நாற்றம் உதயாவுக்கு முதல் முறையாக நிம்மதியாக இருந்தது. கடல் வாடை துளிகூட இல்லை. ஜன்னல்களைச் சாத்தினான். ராமசெல்வியைக் கட்டிலில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தம் நின்னு பூட்ச்சி," என்றாள் அவள்.

அவன் மூச்சு விட்டான்.

"தலைய தொடைச்சி வுடேன்யா. ஈரமா கீது."

அவள் குளிக்கவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்று வரவில்லை. கிடங்குக்கு மேலே வட்டமடித்த பருந்துகள் கத்திக்கொண்டு கலைந்தன. பிறகு கத்தலும் இல்லை. தெரு நாய் இல்லை, லாரி இல்லை. எதுவும் இல்லை. குப்பை நாற்றம் மெல்ல வடிந்து, அந்த இடத்தில் உப்பு ஏறியது.

பிடியை இறுக்கினான். எழுந்தான். அவளை விடாமல், கையை நீட்டி, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தான்.

புகை இரண்டாகப் பிளந்தது. விமானம். மூன்றாவது மாடி உயரத்தில். எதிர்வீட்டுக் கொடித் துணிகள் அசையவில்லை. முதல் ஜன்னல் கடந்தது. இரண்டாவது.

மூன்றாவது ஜன்னலில் ராசையா இல்லை.

ராமசெல்வி இருந்தாள். பச்சைத் தண்ணீரில் முடி மேலே மிதந்தது. இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில். வாய் திறந்து திறந்து மூடியது. அவள் கண் அவனைத்தான் பார்த்தது.

இறக்கை சாய்ந்தது. புகை மூடிக்கொண்டது.

அவன் திரும்பவில்லை. பின்னால் சிமெண்ட் தரையில் தண்ணீர் சொட்டியது. அவன் பிடித்திருந்த மணிக்கட்டு தடித்து, ஊறி, விறைத்திருந்தது. வளையல் இல்லை.

மெதுவாக அந்தக் கை புரண்டு அவன் கையைப் பற்றியது. உள்ளங்கை முழுக்க, வலைக்கயிறு அறுத்த தழும்புகள்.