எந்தத் தணிகைவேல்?

திருத்தணியில் கிருத்திகை என்றால் மலைமேல் மட்டுமா கூட்டம்? அடிவாரத்தில் இருக்கும் பரணி ஸ்டூடியோவிலும் மூச்சுவிட நேரம் இருக்காது. பரணிதரன் மலைமேல் மொட்டை, காதுகுத்துப் படங்களை எடுப்பார். கேமராவின் கார்டு நிறைந்ததும் கீழே வருவார். அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றுவது அவர் மகள் தேவிப்பிரியாவின் வேலை. ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனால் வேறு யாராவது அந்தக் கணினியைத் தொட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்றும் இரண்டு வீட்டுப் படங்களை ஏற்றிக் கொடுத்தாள். அப்பா கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் மலைக்குப் பஸ் ஏறினார்.

அவர் போனதும் சௌமியா அக்கா வந்தார். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிறவர். மொட்டையும் சந்தனமுமாக ஒரு குழந்தை அவர் தோளில் தூங்கியது.

“எங்க தணிகைவேல் போட்டோவக் காட்டு பாப்பா. இவங்க அப்பாவுக்கு ஓசூர் கம்பெனியில லீவே குடுக்கல. முதல் மொட்டையப் பாக்க முடியலயேன்னு போன்ல ஒரே அழுகை. நானாவது போன்ல எடுத்தேனா? புள்ள கையக் காலப் புடிச்சுகினு இருந்தேன். உங்க நைனா எடுக்கிறாரேன்னு விட்டுட்டேன்.”

“இதோ காட்டுறேன்க்கா!”

தேவிப்பிரியா கணினியில் ‘தணிகைவேல்’ என்ற கோப்புறையைத் திறந்தாள். சௌமியா அக்கா குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

“இது எங்க பையன் இல்லியே!”

“மொட்டை அடிச்சா எல்லாப் பசங்களும் ஒரே மாதிரிதான்க்கா தெரிவாங்க.”

“பெத்தவளுக்குத் தெரியாதா? சரி, பையன விடு. மடியில வச்சிகினு உக்காந்திருக்காரே, இவரு யாரு? எங்க அண்ணனுக்கு மீசையே கிடையாது!”

தேவிப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

காலையில் வந்த இன்னொரு குழந்தையின் பெயரும் தணிகைவேல்தான். இந்த ஊர்ச் சாமிக்கு வேண்டிப் பெற்ற பிள்ளைகளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முதலில் சௌமியா அக்கா குழந்தையின் படங்களை ஏற்றினாள். அப்பா கேமராவில் வீட்டுக்கு வீடு தனி உறை வைப்பதால் 1, 2, 3 என்று எண் போட்டிருந்தது. இரண்டாவது குழந்தையின் படங்களையும் அதே உறையில் போட்டாள். அதிலும் 1, 2, 3. அப்போது கணினி தமிழில் அழகாகக் கேட்டது: ‘இதே பெயரில் படங்கள் உள்ளன. மாற்றி வைக்கவா?’

மாற்றி வைப்பது என்றால் கொஞ்சம் தள்ளி வைப்பது என்று நினைத்துக்கொண்டாள். ‘ஆம்’ என்று அழுத்தினாள். கணினியோ பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் புதியதை வைத்துவிட்டது.

இனி அந்தப் படங்கள் இருப்பது கார்டில் மட்டும்தான். அப்பாவோ மலைமேல் அடுத்த குடும்பம் வந்ததும், முதல் வேலையாகக் கார்டில் இருப்பதை எல்லாம் அழித்துவிடுவார்.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். மேசைக்கு அடியிலேயே மணி அடித்தது. சார்ஜில் போட்டதை மறந்துவிட்டுப் போயிருந்தார்.

‘நாளைக்கு வாங்கக்கா என்று சொல்லிவிடலாமா?’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நாளைக்குக் கார்டில் ஒன்றுமே இருக்காதே!

“அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன்” என்றாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

சௌமியா அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ! இறக்குன முடி திரும்ப வருமா பாப்பா? அவருக்கு நான் இன்னா சொல்லுவேன்?”

மலைக்கே போய்விடலாம் என்று இருவரும் வெளியே வந்தால், பஸ்ஸுக்கு நின்ற வரிசை கடைத்தெரு வரை நீண்டிருந்தது. மலைப் படியிலோ கால் வைக்க இடமில்லை. காவடிகள்தான் தெரிந்தன. அப்போது தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது: “சிவப்புச் சட்டை போட்ட சிறுவன் இங்கே அழுதுகொண்டிருக்கிறான்...”

“வாங்கக்கா!” தேவிப்பிரியா ஓடினாள்.

அறிவிப்புப் பந்தலில் தீனதயாளன் என்பவர் மைக்கோடு உட்கார்ந்திருந்தார்.

“யாரக் காணோம்?”

“தணிகைவேலுங்க!” பதற்றத்தில் அதுதான் வாயில் வந்தது.

“எந்தத் தணிகைவேலு? இந்தப் பேர மைக்குல சொன்னா பாதி மலை எந்திரிச்சு வந்து நிக்கும்மா!”

“ஐயோ, ஆள் இல்லீங்க, போட்டோ! பரணி ஸ்டூடியோ பரணிதரன் எங்க நைனா, அவருக்குச் சொல்லணும். கார்ட அழிச்சுடுவாருங்க!” அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் மைக்கைப் பிடித்தார். “பரணி ஸ்டூடியோ பரணிதரன் அவர்களே! கார்டை அழிக்காதீர்கள்! அழிக்காதீர்கள்! உங்கள் மகள் கீழே அழுதுகொண்டிருக்கிறாள்!”

மலை முழுக்க அது எதிரொலித்தது. அப்பா காதில் விழுந்ததா? மேளச் சத்தத்தில் விழாமல் போயிருந்தால்? தேவிப்பிரியா நகத்தைக் கடித்துக்கொண்டே படியைப் பார்த்து நின்றாள். யார் இறங்கி வந்தாலும் அப்பா போலவே இருந்தது. யாரும் அப்பா இல்லை.

கடைசியில் வியர்த்து விறுவிறுத்து அவர் வந்தார்.

“நைனா, அழிச்சுட்டியா?”

“பட்டன் மேல விரல் வச்சிட்டேன்மா. அழிக்கவான்னு கேமரா கேக்குது, அழிக்காதேன்னு மைக் கத்துது. நான் மைக் பேச்சதான் கேட்டேன்.”

சௌமியா அக்கா அங்கேயே கையெடுத்து மலையைக் கும்பிட்டார்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் அப்பா மகளைத் திட்டவில்லை. “நீயே ஏத்து” என்று கார்டை நீட்டினார். தேவிப்பிரியா ஒரு புது உறையைத் திறந்து ‘தணிகைவேல் - அம்மா சௌமியா’ என்று பெயர் வைத்தாள். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மீசை இல்லாத மாமன் மடியில் குழந்தை வாயைப் பிளந்து அழுதது. பக்கத்தில் நின்று அதைப் பார்த்த சௌமியா அக்காவும் அழுதுகொண்டிருந்தார்.

அவர் உடனே ஓசூருக்குப் படங்களை அனுப்பினார். அடுத்த நிமிடமே வீடியோவில் கூப்பிட்டார் குழந்தையின் அப்பா. தலையில் கம்பெனித் தொப்பி. கண் இரண்டும் கலங்கியிருந்தன.

“பாத்துட்டேன் சௌமியா. முடி இறக்குறத பக்கத்துல நின்னு பாத்த மாதிரியே இருக்குது. புள்ள மட்டும் தனியா மொட்டையா நிக்கக்கூடாதுன்னுதான்...”

அவர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். மொட்டைத் தலை பளபளவென்று மின்னியது.

தூங்கி எழுந்த தணிகைவேல் அதைப் பார்த்துப் பொக்கை வாய் திறந்து சிரித்தான்.