எதிரொலி வராத மதியம்

அன்று மதியம் எதிரொலி வரவில்லை.

மலையுச்சிக் கோட்டையின் சாவி ஃபுவென்சாந்தாவிடம் இருந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கோபுரத்தையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு இறங்கிய பிறகு, அரபு ராஜாக்கள் காலத்து நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் வாசலில் நின்று "யாராவது இருக்கீங்களா?" என்று அவள் கத்த வேண்டும். கத்தியது திரும்பி வந்தால் பூட்டலாம், வராவிட்டால் பூட்டக் கூடாது. சாவி வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்; ஏன் என்று கேட்டவர் இல்லை. இவளுக்கோ பசி காதை அடைத்தது. வந்திருக்கும், நமக்குத்தான் கேட்கவில்லை என்று பூட்டிவிட்டு இறங்கிவிட்டாள்.

வீட்டில் முயல் குழம்பு ஆறிக் கிடந்தது. மகள் காசில்டாவைக் காணோம்.

"உன்னைத் தேடித்தானேடி மேல போனா," என்றாள் எதிர்வீட்டு பிரிகிதா. "தொட்டிக்குள்ள ஒளிஞ்சு அம்மாவப் பயங்காட்டப் போறேன்னு சிரிச்சுக்கிட்டே ஓடுச்சு. நீ பாக்கலையா?"

ஃபுவென்சாந்தா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். இருப்பது ஒரே பிள்ளை. ஊரே உண்டு உறங்கும் அந்த வெயிலில், சுண்ணாம்புச் சுவர்கள் கண்ணைக் கூச, சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் யாரோ குறட்டை விடுவதும் தன் செருப்புச் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்காத சந்துகளில், "மாதாவே, என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு" என்று அழுதுகொண்டே ஏறினாள்.

பூட்டைத் திறந்தாள். பாசி நாற்றம் முகத்தில் அடித்தது.

"காசில்டா!"

எதிரொலி இல்லை. கீழே தண்ணீர் மட்டும் அலம்பியது. சுவரைத் தடவித் தடவி இறங்கினாள். கும்மிருட்டு. முழங்கால் வரை தண்ணீர். துழாவினாள். ஒரு சின்னக் கை அவள் கைக்குள் வந்து நுழைந்தது.

வாரி இழுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடி வந்தாள். காசில்டாதான். அதே மஞ்சள் கவுன், சொட்டச் சொட்ட. கட்டிக்கொண்டு கதறினாள்.

"அடி பட்டுச்சா கண்ணு?"

பிள்ளை வாயைத் திறந்தது. "அடி பட்டுச்சா கண்ணு?"

ஃபுவென்சாந்தாவின் குரல்.

உள்ளேயிருந்து, வெகு கீழேயிருந்து, இன்னொரு குரல் தேம்பியது. "அம்மா, என்னை விட்டுட்டுப் போறியே!"

திரும்பினாள். அவளைப் பிடித்திருந்த சின்னக் கை விடவில்லை. அவள் தினமும் தோள் கொடுத்துத் தள்ளும் கனத்த கதவை அது இன்னொரு கையால் சாத்தியது. சாவியைத் திருப்பியது. அலறினாள். சத்தம் வரவில்லை. மறுபடி அலறினாள். தொண்டையில் காற்று மட்டும்.

சரிவின் கீழே, மூச்சு வாங்கிக்கொண்டு பிரிகிதா நின்றாள். இருவரையும் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பிள்ளை கிடைச்சிருச்சு!"

"பிள்ளை கிடைச்சிருச்சு!" என்றது பக்கத்தில் நின்றது, ஃபுவென்சாந்தாவின் குரலில், சந்தோஷமாக.

பிரிகிதா கையை ஆட்டிவிட்டுத் தூங்கப் போனாள். கதவின் அந்தப் பக்கம் சின்ன உள்ளங்கைகள் அடித்துக்கொண்டே இருந்தன.