நரிமுதுகில் யார் முன்னால்?

கோகிலவாணியும் நாச்சிமுத்துவும் பிரிந்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்தார்கள். இருவருக்கும் வருத்தம் இல்லை. சட்னி நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்லி அவள் கிண்ணத்தை நகர்த்தினாள்.

சண்டை ஒன்றும் கிடையாது. தூத்துக்குடியில் கடலடிப் பண்ணையில் பாசி வளர்க்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. பொள்ளாச்சி விதைக்கூடத்தை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. மகள் மகிழ்நிலா வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள். அந்தக் காலத்தில் இதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. தனியாக இருக்க யாரும் பயப்படவில்லை. சொல்லப்போனால், யாரும் எதற்குமே பயப்படவில்லை.

ஐந்து வயது நிரம்பியதும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், அரிசிமணி அளவில் ஓர் 'அடக்கி' வைக்கப்பட்டது. மூளையில் அச்சம் பிறக்கும் இடத்தை அது மெல்லிய மின்துடிப்புகளால் ஓயாமல் தாலாட்டிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டிய வேலையை எல்லாம் இயந்திரங்கள் பார்த்துக்கொண்டன. யாராவது சாய்ந்தால் மாடிச் சுவர் தானே உயர்ந்தது. வண்டி தானே நின்றது. அடுப்பு தானே அணைந்தது. தேர்வுக்கும் பல் மருத்துவருக்கும் சாவுக்கும் நடுங்கிய முன்னோர்களைப் பற்றிப் பிள்ளைகள் பாடத்தில் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

கல்யாணமானவர்கள் தேனிலவுக்குப் போவதுபோல, பிரிகிறவர்கள் 'பிரிவுலா' போவது அப்போதைய வழக்கம். உலா முடிந்த பிறகுதான் பிரிவு சட்டப்படி செல்லும். "பிரிவுலா எங்கீங்க?" என்று தெருவில் எல்லோரும் உற்சாகமாக விசாரித்தார்கள். எதிர்வீட்டுச் சரசு ஒரு பிளாஸ்க் பரிசளித்தாள். வசதியுள்ளவர்கள் நிலவுக்குப் போனார்கள். நாச்சிமுத்து தேர்ந்தெடுத்தது ஆனைமலை நெடும்பாதையில் நரிமுதுகு என்ற பகுதியை. அதுவும் மார்கழியில்.

பூமியைக் குளிர வைப்பதற்காக வானத்தில் நிறுத்திய கண்ணாடிகள் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்ததால், ஆனைமலை உச்சிகளில் மார்கழிதோறும் முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடந்தது. நரிமுதுகு ஓர் ஒடுங்கிய மலைவிளிம்பு. இரண்டு பக்கமும் பள்ளம். இருவர் சேர்ந்து நடக்க இடமில்லை. காட்டு விலங்குகளுக்காக அங்கே இயந்திரங்களுக்கும் தொடர்புக் கருவிகளுக்கும் தடை இருந்தது. அதாவது, உங்களுக்குப் பதிலாகப் பயப்பட அங்கே எதுவும் இல்லை.

ஆரம்பத்தில் அப்படியே அனுமதித்துப் பார்த்தார்கள். நடக்கிறவர்கள் பள்ளத்தாக்கு அழகாக இருக்கிறதே என்று ஓரத்துக்குப் போய், அங்கேயும் நிற்காமல் நடந்தார்கள். குளிர் சுகமாக இருக்கிறது என்று பனியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பிறகுதான் அந்த விதி வந்தது. நரிமுதுகில் ஏற வேண்டுமானால் பயம் வேண்டும். அதற்கு 'மீட்பி' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். நெற்றியில் வைக்கும் பொட்டு அளவில் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் அடக்கி வாயை மூடிக்கொள்ளும்.

"கௌம்பறதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே ஒட்டிக்கோணுமுங்க," என்றார் மலைப்பாதை அலுவலகத்திலிருந்து திரையில் தோன்றிய ஆறுச்சாமி. "பையக் கட்டறப்பவே பயம் இருக்கோணும். இல்லீன்னா கயித்த வீட்டுலயே வெச்சுட்டு வந்துருவீங்க."

அவர் சொன்னது சரிதான். அதுவரை அவர்கள் கட்டிய பையில் இரண்டு சட்டை, சரசு கொடுத்த பிளாஸ்க், ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ், இவ்வளவுதான் இருந்தன.

மீட்பியை ஒட்டிக்கொண்ட அன்று மதியம், பரணிலிருந்து கூடாரத்தை எடுக்க நாச்சிமுத்து ஸ்டூல் போட்டு ஏறினார். அந்தப் பக்கம் வந்த கோகிலவாணி நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் ஸ்டூலை இறுக்கிப் பிடித்தாள்.

"கீழ எறங்குங்க."

"கூடாரம் பின்னாடி கெடக்குது. இதோ எடுத்துட்டு..."

"எறங்குங்கன்னா எறங்குங்க!"

அவர் இறங்கினார். அவள் ஸ்டூலின் கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள்.

"என்னாச்சு அம்மிணி?"

"தெரியலீங்க. நீங்க விழுந்துட்டா?"

"விழுந்தா வலிக்கும்."

"அதில்லீங்க. விழுந்து, நீங்க இல்லாமயே போயிட்டா?"

நாச்சிமுத்து அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். கேள்வி அவர் பக்கமாகவும் திரும்பியிருந்தது. அடுப்படியில் அவள் லேசாக இருமினால்கூட அன்று முழுவதும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அவளை மூன்று மருத்துவ இயந்திரங்களிடம் காட்டிவிட்டார். மூன்றும் மிளகாய் வறுத்த நெடி என்றே சொல்லின. அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஏற்பாடுகள் தொடங்கின. கயிறு வந்தது. கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று இன்னொரு கயிறு வந்தது. பனியில் வழுக்காத ஆணிச் செருப்பு, இரட்டைக் கையுறை, கம்பளிக் குல்லா, காற்றிலும் அணையாத அடுப்பு, அது அணைந்தால் பற்றவைக்க இன்னோர் அடுப்பு. தண்ணீர் உறைந்துவிடும் என்று படித்ததும் பாட்டில்களுக்குக் கோகிலவாணி கம்பளி உறை தைத்தாள். பருப்புப்பொடி, இஞ்சி மரப்பா, தைலம், காய்ச்சல் மாத்திரை.

"நடந்துபோறது ரெண்டே நாளு. இத்தன மாத்திரை எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டுமுங்க."

அந்த வார்த்தை அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. எங்கிருந்து வந்தது என்று சொன்னவளுக்கே தெரியவில்லை. ஆனால் கேட்டவருக்கு உடனே புரிந்தது. கடைக்குப் போய் இன்னும் ஒரு பட்டை மாத்திரை வாங்கி வந்தார்.

பையைத் தோளில் மாட்டிப் பார்த்தபோது கனம் தாங்காமல் நாச்சிமுத்து அப்படியே பின்னால் சாய்ந்து, கவிழ்த்துப் போட்ட ஆமைபோலக் கைகால்களை ஆட்டினார். கோகிலவாணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள்.

"இப்ப எதுக்கு அழுவற?"

"பனியில இப்பிடி விழுந்தீங்கன்னா யாரு தூக்குவாங்க?"

"நீதான்."

"தூத்துக்குடியில?"

அவர் கையை நீட்டினார். அவள் இழுத்துத் தூக்கினாள்.

மறுநாள் அவள் மகளைக் கூப்பிட்டாள். மகிழ்நிலாவுக்கு விண்தூக்கியில் வேலை. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறிப்போகும் அந்தத் தூக்கியின் வடங்களை, வெளியே தொங்கியபடி பழுது பார்க்க வேண்டும். மூன்று வருடமாக அந்த வேலையில் இருக்கிறாள். அம்மா ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

"சாப்ட்டியா கண்ணு?"

"என்ன விஷயம்மா?"

"விஷயம் ஒண்ணுமில்ல. எங்கிருக்கே?"

"வெளிய தொங்கிட்டிருக்கேன். கீழ இலங்கை தெரியுது, ஒரு சொட்டாட்டம்."

கோகிலவாணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன கயிறு கட்டியிருக்கே?"

"ஒண்ணு."

"ரெண்டு கட்டு."

"ஒண்ணே போதும்மா. இதுல யானையக் கட்டித் தொங்க விடலாம்."

"யானைக்கு அம்மா இருந்தா அதுவும் சொல்லும். ரெண்டு கட்டு."

"அப்பா, அங்க இருக்கீங்களா? அம்மாவுக்குக் காய்ச்சலா?"

நாச்சிமுத்து திரைக்குள் தலையை நீட்டினார். "ரெண்டாவது கயித்தக் கட்டிட்டியா இல்லியா, மொதல்ல அதச் சொல்லு!"

கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. "கட்டியாச்சு. ரெண்டு பேரும் சீக்கிரமா அந்த மலைக்குப் போயிட்டு வந்து அந்த மீட்பியக் கழட்டித் தொலைங்க. பாக்கவே சகிக்கல," என்றாள் மகிழ்நிலா. ஆனால் அவளும் உடனே தொடர்பைத் துண்டிக்கவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் நரிமுதுகுப் பிரச்சினை எழுந்தது. மேசைமேல் வரைபடத்தை விரித்து, எந்த இடத்தில் கூடாரம் அடிப்பது, எங்கே வெந்நீர் வைப்பது என்றெல்லாம் குறித்துவிட்டார்கள். அடுத்து நரிமுதுகின் விளிம்பு வந்தது. ஒருவர்பின் ஒருவராகத்தான் போக முடியும்.

"நான் முன்னாடி போறன்," என்றார் நாச்சிமுத்து. "பனி கெட்டியா இருக்குதான்னு தட்டிப் பாத்துட்டுப் போறன்."

"கெட்டியா இல்லீன்னா?"

"தெரிஞ்சு போயிரும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு போயிரும். பின்னாடி நின்னு நான் பாத்துட்டிருக்கோணுமா? நான் முன்னாடி போறேன்."

"நீ போவ, நான் பாத்துட்டிருக்கோணுமா?"

கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அதுதான் அவர்களுடைய முதல் சண்டை. பழக்கமில்லாததால் இருவரும் மோசமாகச் சண்டை போட்டார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். மழை வரும்போல இருந்ததால் அவள் குடையோடு ஓடினாள். குடைக்குள் நின்று மீதிச் சண்டையைப் போட்டார்கள்.

கடைசியில் மொட்டைமாடியில் கோலமாவால் நரிமுதுகை வரைந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, அவர் முன்னால் ஒரு தடவை, அவள் முன்னால் ஒரு தடவை நடந்து பார்த்தார்கள். இரண்டும் பிடிக்கவில்லை. பிறகு பக்கவாட்டாகத் திரும்பி, கைகோத்து, நண்டுபோல நகர்ந்தார்கள். அது சரியாக வந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து சரசு வெகுநேரம் பார்த்தாள்.

"பிரிவுலாவுக்குத்தானுங்க போறீங்க?" என்று கேட்டாள்.

இருவரும் கையை விடாமல் இன்னொரு தடவை நகர்ந்து பார்த்தார்கள்.

மலைவாசலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆனாலும் புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்து நின்றது. ஆறுச்சாமி மப்ளர் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவர் காதுக்குப் பின்னாலும் மீட்பி இருந்தது. அந்த வேலைக்கு அது கட்டாயம்.

"படி வழுக்குமுங்க, பாத்து வாங்க. அக்கா, கையக் குடுங்க."

பைகளை இறக்கிவிட்டு இருவரும் மேலே பார்த்தார்கள். நரிமுதுகு வானத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதன்மேல் காற்று பனியைத் தூற்றிக்கொண்டிருந்தது. பத்து நாள் ஏற்பாடும் கோலமாவு ஒத்திகையும் அதன்முன் சின்னதாகத் தெரிந்தன. நாச்சிமுத்துவின் கை தானாகத் துழாவி அவள் கையைப் பிடித்தது.

"போன வாரம் ஏறுனவங்க பத்திரமா எறங்கிட்டாங்களாங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

ஆறுச்சாமி இரண்டு டம்ளரில் சுக்குக் காப்பியை ஊற்றினார். "ஏறவே இல்லீங்க."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அவிகளும் இல்ல. இந்த விதி வந்ததுக்கப்பறம் ஒருத்தரும் ஏறுனதில்லீங்க. இங்க வர்றாங்க, மேல பாக்கறாங்க, இந்த பெஞ்சுல உக்காந்து கட்டிட்டு வந்தத சாப்புடறாங்க. அவ்வளவுதான். விபத்தே நடக்காத பாதைன்னு வருசாவருசம் எங்க ஆபீசுக்கு விருது வேற குடுக்கறாங்க."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "சாப்ட்டுட்டு?"

"அங்கதாங்க ரெண்டு வழி. மீட்பியக் கழட்டிக் குடுத்துட்டீங்கன்னா, உலா முடிஞ்சதுன்னு எழுதித் தந்துருவேன். பாதிப் பேரு கழட்டுனதும் பளிச்சுனு ஆயிருவாங்க. கை குடுத்துட்டு ஆளுக்கொரு வண்டியில போயிருவாங்க. இல்லாட்டி அடுத்த மார்கழிக்குத் தள்ளிப் போடலாம். பயணம் நிலுவையில இருக்கறவரைக்கும் மீட்பி உங்ககிட்டயே இருக்கலாம்." அவர் டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாச்சிமுத்து காதுக்குப் பின்னால் விரலை வைத்தார். கோகிலவாணி அந்த விரலையே பார்த்தாள். மலையைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"இது ரொம்பக் கனம் அம்மிணி. பத்து நாளா கண்ணு மூடல."

"எனக்குந்தாங்க."

"கழட்டிட்டா நிம்மதி."

"ஆமாங்க. தூத்துக்குடிக்கு இன்னைக்கே வண்டி இருக்குது."

அவர் நகத்தால் மீட்பியின் ஓரத்தைக் கிளப்பினார். ஒரு கணம் உள்ளே அடக்கி விழித்துக்கொண்டது. மலை வெறும் மலையாயிற்று. காற்று வெறும் காற்றாயிற்று. பக்கத்தில் ஒரு பெண்மணி காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

பதறிப்போய், இரண்டு விரலாலும் அதை அழுத்தி ஒட்டினார். மூச்சு வாங்கியது.

"என்னுங்க, என்னாச்சு?"

"நீ இங்கியே நின்னுட்டிருக்கே. நான் உன்னயத் தொலைச்சுட்டன்," என்றார். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஆறுச்சாமி, அடுத்த மார்கழிக்கே போட்டுருங்க."

கொண்டுவந்த பருப்புப்பொடிச் சோற்றை ஆறுச்சாமிக்கும் ஓர் இலையில் வைத்துவிட்டு, வெயில் தாழுமுன் இறங்கிவிட்டார்கள்.

தூத்துக்குடி வேலைக்கு வேறு யாரோ போனார்கள். ஆனி மாதத்தில் சுற்றுலா அமைச்சர் திரையில் தோன்றிப் பேசினார். நரிமுதுகுக்கு அனுமதி கேட்டுப் பொள்ளாச்சியே வரிசையில் நிற்கிறது என்றார். வாங்கியவர்களும் ஒரு தடவையோடு விடாமல் வருடாவருடம் புதுப்பிக்கிறார்கள் என்றார். இப்படிப்பட்ட துணிச்சல்காரர்களை நாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது என்றும், மற்ற மாவட்டத்துக்காரர்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நாச்சிமுத்து வீட்டு மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. எதிர்வீட்டுச் சரசுவும் அவள் கணவரும்கூட அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆலோசனை கேட்பதற்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தத் தடவ என்னானாலும் போயிரோணும்," என்றார் நாச்சிமுத்து, தீர்மானமாக.

"கண்டிப்பாங்க," என்றாள் கோகிலவாணி. கூடாரம் அடிக்கும் இடத்தைப் பென்சிலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குறித்தாள்.

அவர் எழுந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். மார்கழிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

"மேகமா இருக்குது அம்மிணி. எதுக்கு வம்பு? அதுக்கடுத்த வருசம் பாத்துக்க..."

"சரிங்க," என்றாள் கோகிலவாணி, அவர் சொல்லி முடிப்பதற்குள்.