முதல் அறையின் ஜன்னல்

பொம்மை ரயில்பெட்டியின் கோடி ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துண்டு சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும். அதன் உட்புறத்தில் மூச்சுக்காற்று பட்டதுபோல் ஒரு வெண்மை படர்ந்திருந்தது. பசையின் ஆவி பட்டால் அப்படி ஆவதுண்டு. முப்பத்திரண்டு ஆண்டுகள் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வரைபடம் போட்டு ஓய்வுபெற்ற அவர் இதற்கெல்லாம் அசருகிறவர் அல்லர். ஆனால் பசை ஆவி ஒருமுறை படிந்தால் படிந்ததுதான். இந்த வெண்மையோ கலைந்தது, படர்ந்தது, மறுபடியும் கலைந்தது. ஒரே சீராக.

அவருக்கு எரிச்சல்தான் வந்தது. எப்படியும் அடைக்க வேண்டிய ஜன்னல்தானே அது. அந்தக் காலத்துப் படுக்கைப் பெட்டியின் ஒரு கோடியில் போர்வைகள் வைக்கும் அறை இருந்தது; அதற்கு ஜன்னலே கிடையாது. பொம்மை ரயில் செய்பவர்களுக்கு அந்த அக்கறையெல்லாம் ஏது? இரு கோடியிலும் வாய்க்கு வந்தபடி பேசுவதுபோல் கைக்கு வந்தபடி ஜன்னல் வெட்டித் தள்ளியிருந்தார்கள். மேசைமேல் இருந்த, அந்த அசல் பெட்டியின் பழைய புகைப்படத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அளவாக நறுக்கிய தகட்டை ஜன்னலில் பொருத்தி, ஓரங்களில் கரைப்பானைத் தூரிகையால் தீற்றினார். அத்திரவம் வெறுமனே ஒட்டுவதில்லை; இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. கூரையையும் அப்படியே பொருத்தி முடித்தபோது, பிற்பகல் வெயில் மேசையில் பாதியை எட்டியிருந்தது. அறை முழுவதும் மூக்கைத் துளைக்கும் நெடி.

அப்போது மகள் அழைத்தாள். காலையில்தான் ரயிலேறியிருந்தாள், படுக்கைப் பெட்டி, முதல் அறை. நிஜ ரயிலில் போகிற பெண்ணைவிடப் பொம்மை ரயில்மீதுதான் அப்பாவுக்குக் கவலை என்று கிண்டலடித்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

"அப்பா, ஒரே பெயிண்ட் வாடையா இருக்குப்பா. தலை சுத்துது."

ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கையால் எதையோ தடவும் ஓசை கேட்டது.

"இப்பதாம்பா வெளிய பாத்துட்டிருந்தேன். ஜன்னலக் காணோம். வெறும் சுவரு."

தூக்கக் கலக்கமாக இருக்கும், கதவைத் திறந்து யாரையாவது கூப்பிடு என்றார். தம் குரலே தமக்கு அந்நியமாகக் கேட்டது.

"கதவு இல்லப்பா. கோடுதான் இருக்கு. யாரோ பேனாவால வரைஞ்சு வச்ச மாதிரி."

நேற்று பொம்மைப் பெட்டியின் அட்டைத் தடுப்பில் அக்கதவைப் பேனாவால் வரைந்தவர் அவர்தாம்.

கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். கண்கள் தாமாகப் புகைப்படத்துக்குப் போயின. பெட்டியருகே கோட்டணிந்து நிற்கும் ரயில் கார்டு. ஆண்களின் கோட்டில் பொத்தான்கள் அணிந்தவரின் வலப்பக்கம் இருக்க வேண்டும். படத்திலிருந்த கார்டுக்கோ இடப்பக்கம் இருந்தன.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது.

போர்வை அறை மறுகோடியில். அவர் அடைத்தது பயணிகளின் முதல் அறையை.

கத்தியை எடுத்தார். எங்கே வெட்டுவது? சுவருக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறாள்? முனை ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கினால்?

கத்தியை வைத்தார். ஒட்டிய மூட்டு எங்காவது இளகியிருக்கிறதா என்று பார்க்க, பெட்டியை வெயிலுக்கு நேரே தூக்கினார்.

"அப்பா." மிகத் தாழ்ந்த குரல். "வண்டிய யாரோ தூக்குறாங்கப்பா."

அப்படியே நின்றார்.

உள்ளே ஏதோ உருண்டது. ஒரு நெல்மணி கனம்கூட இராது. ஒரு கோடியிலிருந்து சரிந்து, அவருடைய கட்டைவிரல் பக்கம் வந்து நின்றது.

கீழே வைக்க வேண்டும். வைத்தால் அதிரும். நெடி. அவளுக்கு மூச்சு வேண்டும். எழுபது வயதுக் கை. வலித்தது. நடுங்கத் தொடங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் நிற்கவில்லை.

ஒவ்வொரு நடுக்கத்துக்கும், மேசைமேல் கிடந்த கைப்பேசியில், ஓர் உடல் சுவரில் போய் மோதும் சத்தம் கேட்டது.