தோக்சுவின் காலடிப் பூக்கள்

முதலில் அதைக் கண்டது சுக்ஜாதான். நேற்று அவள் கணவன் தோக்சு நடந்துபோன தடம் மலைக்காட்டுப் பனியில் இன்னும் அழியாமல் கிடந்தது. ஒவ்வொரு பூட்ஸ் குழியிலும் ஒரு மஞ்சள் பொக்சுச்சோ பூத்திருந்தது.

எல்லாம் நேற்று அவன் மிதித்து நசுக்கியவை. மார்ச்சில் தன் சூட்டாலேயே பனியை உருக்கிக்கொண்டு எழும் அந்தக் காட்டுப் பூக்களைப் படமெடுத்து முடித்ததும், வேறு எவன் கேமராவுக்கும் சிக்கக்கூடாதென்று குதிகாலால் தேய்த்துவிடுவது அவன் வழக்கம். இலையில்லாத ஓக் மரங்களுக்கிடையே காலை வெயில் சாய்ந்து விழுந்தது, எங்கோ பனிநீர் சொட்டியது, ஆனால் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. ஈர மண்ணின் மணத்துக்கு அடியில் கசாப்புக் கடையின் வெதுவெதுப்பான வாடை.

"என்னங்க, போயிடலாம். எனக்குச் சரியாப் படல."

"பரிசுப் படம் காலடியில கெடக்கு, போகணுமாம்! பேசாம பூமேல வெயில் அடிக்காம குடையைப் பிடிடி."

பிடித்தாள். அவன் குப்புறப் படுத்து நாற்பது படம் எடுத்தான். பிறகு எழுந்து குதிகாலைத் தூக்கினான்.

"ஒண்ணையாவது விட்டு வைங்க."

"எதுக்கு? போட்டோ சங்கத்துக்காரனுங்க வந்து படம் எடுக்கவா?"

மிதித்தான். அலறினான்.

தண்டு பூட்ஸைத் துளைத்து மேலே வந்திருந்தது. நுனியில் மொட்டு. நிலைதடுமாறிக் கையை ஊன்றினான். உள்ளங்கையிலும் ஒன்று. சரிந்தான். தொடையில். விலாவில்.

"பிடுங்கு! பிடுங்குடி!"

கையிலிருந்ததை இழுத்தாள். வேர் வந்தது. வேரோடு நரம்பு. முழங்கைவரை தோல் கிழிந்து திறந்தது. பனி சிவந்து ஆவி பறந்தது.

"விடு... விட்டுடு, சுக்ஜா..."

விட்டாள். வேர் தானாக உள்ளே போனது.

ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

மீட்புப் படையோடு அவள் மலையேறித் திரும்பியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. அவனைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்குப் பனி உருகியிருந்தது. அவன் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பூ முழுதாய் விரிந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

"உயிர் இருக்கு!" என்று கத்தினான் ஒருவன். மற்றவர்கள் கிட்டே வரவில்லை.

சுக்ஜா மண்டியிட்டாள். "ஏங்க, நான்தாங்க. இங்க பாருங்க."

அவன் பார்க்கவில்லை. மேற்கே சாயும் சூரியனை நோக்கி எல்லாப் பூக்களும் திரும்பிக்கொண்டிருந்தன. இமைக்காத அவன் கண்களும், மெல்ல மெல்ல.